சீஸுக்கு ஒரு பொட்டு

வாழையிலையின் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. இடதுபக்கம் என் ஸ்கூட்டர் சாவி. வலதுபக்கம் என் மனைவி மங்கையின் அரிவாள்மணை. மேலே சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். முன்னால் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், நான்கு வாழைப்பழம்.

ஊதுபத்திப் புகையில் பார்த்தால் புதிதாகக் குடியேறிய ஏதோ அம்மன் மாதிரிதான் தெரிந்தது. ஆனால் அது சீஸ். ஒன்றரைக் கிலோ, வட்டமாக, நான்கு மாத வயதில். என்னுடையதும் இல்லை. எங்கள் மாடிவீட்டுப் பெண் தாரணி என்னை நம்பி ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாள்.

சென்ற வாரம் குவார்ட்டர்ஸ் குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "ஐயா, உமக்கு வாழ்க்கையில் எதையுமே நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் இந்தச் சீஸுக்குள் இருப்பதால் இந்த வாரம் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ரிஜெக்ட் சார்

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் நான் பார்த்தது ஆய்வுப் பிரிவு வேலை. மற்றவர்கள் செய்வார்கள், நான் குறை கண்டுபிடிப்பேன். அதற்கு மாதாமாதம் சம்பளமும் கொடுத்தார்கள். கையில் அளவுமானி, சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். தலைமுடி அளவு கூடினாலும் குறைந்தாலும் சிவப்புக் குறி போட்டுவிடுவேன். எனக்கு அங்கே 'ரிஜெக்ட் சார்' என்று பெயர். ஒருவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையின் உறையிலேயே பழக்கதோஷத்தில் அப்படி எழுதி, பிறகு அடித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் அந்தப் பென்சிலை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். நான் வீட்டுக்கும் எடுத்து வந்தேன். இட்லி ஓரம் தடிப்பு, ரசத்தில் புளி தூக்கல், கோலத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி தள்ளி. மங்கை முதல் இரண்டு வருடம் அழுதாள். அப்புறம் பழகிப்போய், "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதா? சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் குழம்பு ஊற்றுவாள்.

எங்கள் மகளுக்குத்தான் பழகவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் ஒருநாள் அவள் பிரஷர் குக்கரில் கேக் செய்தாள். நான் டியூட்டி முடிந்து வரும்வரை யாரையும் தொடவிடாமல் தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். தட்டை அவள் தூக்கி வரும்போதே கேக் லேசாக ஆடியது. ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டேன்.

"நடுவுல வேகல" என்றேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் அடுப்பே பற்றவைத்ததில்லை. இப்போது புனேவில் இருக்கிறாள். அருமையாகச் சமைக்கிறாள் என்று மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஏரிக்கரைச் சந்தை

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பருத்திப்பட்டில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரை நடைபாதை ஓரமாக ஒரு சந்தை கூடும். நடக்க வந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றுவிடுவதால் யாருக்கும் எடை குறைந்ததாகத் தெரியவில்லை.

வாழைப்பூ வடை, வரகரிசிப் பொங்கல், சுடச்சுடப் பால் கொழுக்கட்டை, மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, தோல் சுருங்கிய நாட்டுத் தக்காளி. மண்பானையிலிருந்து கம்பங்கூழை மொண்டு, மோர்மிளகாயோடு கொடுப்பார்கள். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் அதைக் குடிப்பதற்கு முன்னால் படம் எடுப்பார்கள். அதற்குள் மோர்மிளகாய் நமுத்துவிடும். நான் சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்பதாக இல்லை.

கீரை விற்பவர் கன்னியப்பன். செம்பரம்பாக்கம் பக்கத்தில் மனை போட்டு, கல் நட்டு, இன்னும் விற்காமல் கிடக்கிற இடத்தில் கீரை போடுகிறார். ஒரு கட்டு அரைக்கீரை ப்ளாட் நம்பர் பதினேழில் விளைந்ததா, பதினெட்டில் விளைந்ததா என்றுகூடச் சொல்வார். யாராவது "இது ஆர்கானிக்கா?" என்று கேட்டால், "மருந்தடிக்க நம்மகிட்ட துட்டு ஏதுமா? ஆர்கானிதான்" என்பார்.

அவருக்குப் பக்கத்துக் கடைதான் தாரணியுடையது. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, எங்கள் தலைக்கு மேலே இரண்டு படுக்கையறை வீட்டின் சமையலறையில் சீஸ் செய்கிறாள். மிளகு போட்டது, கொத்தமல்லி போட்டது, எதுவும் போடாதது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, பல்குச்சியில் குத்திச் சுவை பார்க்கக் கொடுப்பாள்.

"இன்னா சார் இது, பாப்பா சோப்பு விக்குதா?" என்று முதல்நாள் கன்னியப்பன் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"சீஸ். சாப்பிடறது."

"அத்தத்தான் சார் நானும் சொல்றேன். அதோ அந்த அண்ணாத்தே சோப்ப துன்னுகினு கீறாரு, சொல்லு அவராண்ட."

அன்றைக்கு நானும் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சீஸ் பிடிக்காது. இன்றைக்கு வரைக்கும் பிடிக்கவில்லை. தயிரைச் சாப்பிட உட்கார்ந்தவனுக்கு அதை இறுக்கிப் பிடித்து ஏன் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் என் நாக்கு அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது.

"உப்பு ஓரத்துல தூக்கலா இருக்கு, நடுவுல இறங்கல" என்றேன்.

வழக்கமாக இந்த இடத்தில்தான் எதிரே இருப்பவர் முகம் மாறும். தாரணிக்கும் மாறியது, ஆனால் மலர்ச்சியாக.

"அங்கிள், எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. மறுவாரம் வர்றதே இல்ல. எது தப்புன்னு நீங்கதான் மொதமொதல்ல சொல்றீங்க."

என் குறைகாணலுக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் நன்றி அது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவள் கடையில் முதல் துண்டு எனக்குத்தான். நானும் பிடிக்கவில்லை என்பதை மட்டும் மறைத்து, குறைகளைச் சொல்லி வந்தேன். மங்கை தன் பங்குக்கு, "இது சைவந்தானேம்மா?" என்று ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பாள். "பாலை உறைய வெக்கற மருந்துகூடச் சைவந்தான் ஆன்ட்டி" என்று அவளும் ஒவ்வொரு வாரமும் பொறுமையாகச் சொல்வாள்.

ஆறு நாள் பொறுப்பு

தாரணியின் கனவு முற்றவைத்த சீஸ். மாதக்கணக்கில் குளிர்ச்சியில் வைத்து, தினம் புரட்டி, உப்புநீர்த் துணியால் துடைத்து வளர்க்க வேண்டிய சமாசாரம். முதல் வட்டு வெடித்தது. இரண்டாவது கசந்தது. மூன்றாவது வட்டுதான் இது.

நவராத்திரி சமயத்தில் அவளும் கணவனும் கோவில்பட்டிக்குப் போக வேண்டியிருந்தது. வட்டை ஒரு குழந்தையைப் போலத் துணியில் சுற்றி எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தாள். எங்களிடம் குவார்ட்டர்ஸ் காலத்துப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கூடுதலாக இருக்கிறது. பாலைக்கூடச் சரியாகக் குளிர வைக்காது என்று நான் ரிஜெக்ட் செய்து ஒதுக்கியது. அந்த அரைகுறைக் குளிர்தான் சீஸுக்கு வேண்டுமாம்.

"தினம் ஒருதரம் புரட்டணும் அங்கிள். துணியால துடைக்கணும். உடனே உள்ள வெச்சிடணும். வெளியில ரொம்ப நேரம் வேண்டாம்."

"சரிம்மா."

"ஞாயித்துக்கிழமை அண்ணா நகர்லேர்ந்து ஒரு பேக்கரிக்காரர் சந்தைக்கு வர்றாரு. இது அவருக்குப் பிடிச்சா மாசாமாசம் வாங்கிப்பாரு." வட்டைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தாள். "பழைய கம்பெனில திரும்பக் கூப்பிடறாங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இந்த வட்டும் சரியா வரலைன்னா போயிடறதுன்னு வீட்ல பேசி வெச்சிருக்கோம்."

"ஏம்மா என்கிட்ட குடுக்கற? வேற யார்கிட்டயாவது..."

"நீங்கதானே அங்கிள் எதையும் விட மாட்டீங்க."

அன்று சாயங்காலமே ஒரு நோட்டில் கோடு போட்டுப் பதிவேடு தயார் செய்தேன். நாள், புரட்டியது, துடைத்தது, தோற்றம், குறிப்பு, கையொப்பம். முதல் மூன்று நாளும் எல்லாக் கட்டமும் நிரம்பின. ஓய்வு பெற்ற பிறகு இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை. நான்காம் நாள் ஆயுத பூஜை.

டாங்கிக்கே பொட்டு வைத்தவர்கள்

தொழிற்சாலைக்காரனுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் அப்புறம்தான். ஆயுத பூஜைதான் பெரிய பண்டிகை. லேத்துக்கு மாலை, கிரேனுக்கு வாழைக்கன்று, ஸ்பேனருக்கெல்லாம் வரிசையாகச் சந்தனம். அன்று குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் பட்டுப்பாவாடை, பட்டுச்சேலையில் இரும்புத் தூளை மிதித்துக்கொண்டு சுற்றிப் பார்ப்பார்கள். டாங்கியின் பீரங்கிக் குழாய் மேல் ஏறிப் பொட்டு வைக்க ஆண்டுதோறும் போட்டி நடக்கும். ஒருமுறை நான் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் நின்றதை வேறொரு வாரம் எழுதுகிறேன்.

அந்த வேகத்தை நான் வீட்டிலும் விட்டதில்லை. அன்று காலையிலிருந்து மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். என் அளவுமானிக்கும் வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மனசுக்கு என்னவோ போலிருந்தது. அளவுமானி ஓய்வு பெற்றுவிட்டது. ஸ்கூட்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடுகிறது. இந்த வீட்டில் உண்மையிலேயே தொழில் என்று ஒன்று நடக்கிறதென்றால் அது அந்தப் பழைய ஃபிரிட்ஜுக்குள்தான்.

அந்தப் பெண்ணின் பிழைப்பு அது. சரஸ்வதி அதைக் கொஞ்சம் கண்ணெடுத்துப் பார்த்தால் நல்லதுதானே? கற்பூரம் காட்டிவிட்டுப் பத்தே நிமிடத்தில் உள்ளே வைத்துவிடலாம். இப்படி நினைத்துத்தான் வட்டை எடுத்து வந்து இலையில் வைத்தேன். நல்ல எண்ணத்தைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

பக்கத்து ஃபிளாட்டுக்குச் சுண்டல் கொடுக்கப் போயிருந்த மங்கை திரும்பி வந்தாள். விழுந்து கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகுதான் என்ன கும்பிட்டோம் என்று பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன?"

"தாரணியோட சீஸ்."

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்த வெப்பாங்க. செஞ்ச பொருளையா வெப்பாங்க?"

"ஃபேக்டரில டாங்கிக்கே பொட்டு வெப்போமே."

"டாங்கி ஆயுதம்."

"சரி, எடுத்து உள்ள வெச்சிடறேன்" என்று கை நீட்டினேன்.

"தொடாதீங்க!"

வடக்கே ஒரு விரற்கடை

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்யாமல் எடுக்கக் கூடாது. இது எனக்கும் தெரியும். ஒரு வருடம் நான் இதை மீறி, பால் வாங்க ஸ்கூட்டரை எடுத்தேன். பால் பூத் படியிலேயே விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்தேன்.

"கை ஞாபகம் இருக்கா?" என்றாள் மங்கை.

"அது ஸ்கூட்டர். இது சீஸ். வெளியில இருந்தா கெட்டுப்போயிடும்."

"எடுத்தா அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆகும். அவ தொழிலு இது. பரவாயில்லையா?"

என்னைப் பயமுறுத்தியது அதுதான். முப்பத்து நான்கு வருடம் விதியை வைத்துச் சாப்பிட்டவன் நான். விதியில் சந்து தேடினேன்.

"பூஜை முடிஞ்சதுக்கு அடையாளமா வடக்கே நகர்த்துவாங்கல்ல? ஃபிரிட்ஜ் வடக்குப் பக்கந்தானே இருக்கு?"

"ஒரு விரக்கடை நகர்த்துவாங்க. சமையக்கட்டு வரைக்குமா நகர்த்துவாங்க? அதுவும் நாளைக்குக் காலைலதான்."

அதற்குள் வட்டின் மேல் எண்ணெய்ப் பூச்சு போல வியர்வை பூத்திருந்தது. எனக்கும்தான். அந்த நேரத்தில் வாசலில் கன்னியப்பன் குரல் கேட்டது. மங்கை சொல்லியிருந்த வாழைக்கன்றையும் திருஷ்டிப் பூசணியையும் கொண்டுவந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், சோப்புக்கு பூஜ போட்டுகினு கீற?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் பூசணியை இறக்கி வைத்தார்.

"அத்த தொடக்கூடாது, அவ்ளோதான? குளிரையே அதாண்ட இட்டாந்து உட்டா இன்னா?"

மனிதருக்கு இருந்த மூளை எனக்கு இல்லாமல் போயிற்று. மொபெட்டை எடுத்துக்கொண்டு போனவர் அரைமணியில் ஒரு கோணிப்பை நிறைய ஐஸ் கட்டியோடு வந்தார். மங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"மீன்கடை ஐஸா?"

"ஐயோ, சாமி விசியம்மா! ஜூஸ் கடையாண்ட வாங்கியாந்தது. வோணும்னா நக்கிப் பாரு."

இலையைச் சுற்றிப் பாத்திரங்களில் ஐஸ் வைத்தோம். ஜன்னலில் ஈரத்துண்டு கட்டினோம். மேஜை விசிறியைப் போட்டதும் பொரி முழுவதும் பறந்துபோய் டி.வி. பின்னால் சேர்ந்தது. வேகத்தைக் குறைத்தோம். கரைந்த தண்ணீரைக் கொட்ட ஒருதரம், ஐஸ் நிரப்ப ஒருதரம் என்று நானும் மங்கையும் மாறி மாறிக் காவல் இருந்தோம். இதற்கு முன்னால் எங்கள் மகளுக்கு அம்மை போட்டிருந்தபோதுதான் அப்படி இருந்தோம்.

மறுநாள் விடிந்ததும் தயிர்சாதம் நைவேத்தியம் செய்து, வட்டை வடக்கே ஒரு விரற்கடை நகர்த்தினேன். கையை எடுக்காமல் அப்படியே ஃபிரிட்ஜ் வரைக்கும் நகர்த்திக்கொண்டு போய்விட்டேன்.

கட்டத்தில் எழுதியது

உள்ளே வைப்பதற்கு முன்னால் துடைத்துப் பார்த்தேன். ஐஸ் ஈரத்தில் குங்குமம் கரைந்து இறங்கியிருந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. கடைசியில் வட்டு முழுக்க ஒரு மாதிரி ரோஜா நிறம், நடுவில் சந்தன மஞ்சள். முகர்ந்து பார்த்தால் ஊதுபத்தி.

பதிவேட்டைத் திறந்தேன். பூஜை நாளான புதன்கிழமைக் கட்டத்தில் 'புரட்டப்பட்டது' என்று கை தானாகவே எழுதிவிட்டது. அப்படியே விட்டால் யாருக்குத் தெரியும்? நிறம் மாறியதற்குப் பழைய ஃபிரிட்ஜின் மேல் பழியைப் போடலாம். எத்தனை பேருடைய வேலையை நான் ஈவு இரக்கமில்லாமல் தள்ளியிருக்கிறேன்! என் வேலை தள்ளப்படும் நிலை வந்ததும் ஒளிக்க இடம் தேடுகிறேன். வெட்கமாக இருந்தது.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. தவறாக எழுதியதைக் கிறுக்கி மறைக்கக் கூடாது. கீழே இருப்பது தெரியும்படி ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே செய்தேன்.

'புரட்டப்படவில்லை. துடைக்கப்படவில்லை. ஆயுத பூஜையில் வைக்கப்பட்டது. சந்தனம், குங்குமம்: ஒரு பொட்டு. கதம்பம்: ஒரு முழம். ஐஸ்: ஒரு கோணி (ஜூஸ் கடை). பொறுப்பு: நான்.'

சனிக்கிழமை தாரணி வந்தாள். வட்டைக் காட்டுவதற்கு முன்னால் பதிவேட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"அங்கிள், ஒரே ஒரு வேலதானே சொன்னேன்? உள்ளயே இருக்கட்டும்னுதானே சொன்னேன்?"

"ஆமாம்மா."

"நாலு மாசம் அங்கிள்."

மங்கை காபி கொண்டுவந்தாள். தாரணி வாங்கிக்கொள்ளவில்லை. வட்டையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போன அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. காபியை நானே குடித்தேன். சர்க்கரை இல்லை. மங்கையிடம் சொல்லவில்லை.

முதல் துண்டு

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். மங்கை விடவில்லை. தாரணி கடை போட்டிருந்தாள். ரோஜா நிற வட்டு ஒரு வெள்ளைத் துணிக்கு அடியில் இருந்தது.

"வாங்க அங்கிள். பேக்கரிக்காரர் வர்றதுக்கு முன்னாடி நீங்க பாருங்க."

"நானா?"

"கதம்பம் ஒரு முழம்னு அளந்து எழுதியிருக்கீங்க. அத ராத்திரி படிச்சுப் படிச்சுச் சிரிச்சோம். இதுலயே பொய் சொல்லாதவரு எதுல பொய் சொல்லப் போறாரு? நீங்க வேண்டாம்னா நான் அவருக்குக் காட்டப் போறதில்ல. நாளைக்குக் கம்பெனிக்குப் பதில் அனுப்பிடறேன்."

கன்னியப்பன் கீரைக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். மங்கை உதட்டுக்குள் ஏதோ சுலோகம் சொன்னாள். தாரணி கத்தியை இறக்கினாள்.

உள்ளே வெட்டின முகம் யானைத்தந்த நிறத்தில் இருந்தது. குங்குமம் நகக்கனம்கூட உள்ளே இறங்கவில்லை. விரிசல் இல்லை. விரல் நடுவில் வைத்துத் தேய்த்தேன், பிசுபிசுக்காமல் குழைந்தது. வாயில் போட்டேன். ஓரத்திலும் உப்பு, நடுவிலும் அதே உப்பு. கசப்பு எங்கே, எங்கே என்று நாக்கு தேடியது. கிடைக்கவில்லை. அதே சமயம் அந்தச் சுவை, அந்த வாடை, எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. துப்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

"என்ன அங்கிள்?" தாரணியின் குரல் மெலிந்திருந்தது.

இத்தனை வருடமும் நான் ஒன்றைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்தேன் என்பது அந்த ஏரிக்கரையில்தான் எனக்கு உறைத்தது. எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு, பொருளில் குறை இருக்கிறது என்பது வேறு.

"எனக்குப் பிடிக்கலம்மா. எனக்குச் சீஸே பிடிக்காது. இத்தனை வாரமா சொல்லல."

அவள் முகம் தொங்கியது.

"ஆனா குறைன்னு ஒண்ணு சொல்லணும்னா, ஒண்ணும் இல்ல. நான் பார்த்தவரைக்கும் ஒண்ணுமே இல்ல. பாஸ்."

"பாஸா?" என்று கேட்டது தாரணி இல்லை, மங்கை.

பேக்கரிக்காரர் வந்தார். ஒரு துண்டு சாப்பிட்டார். பேசாமல் இன்னொரு துண்டு எடுத்தார். மேல்தோலின் நிறத்தைக் காட்டி, "இது என்ன? பீட்ரூட்டா?" என்றார்.

தாரணி வாயைத் திறப்பதற்குள் கன்னியப்பன் முந்திக்கொண்டார். "பூஜ போட்டது சார்! ஆயுத பூஜ! நாந்தான் ஐஸ் இட்டாந்தேன்!"

பேக்கரிக்காரர் எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். "அடுத்ததுக்குப் பூஜ வேண்டாம்மா. தோலைச் சீவிட்டுப் பாதி குடுங்க. மாசம் ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றார்.

தாரணி மேஜைக்குப் பின்னால் குனிந்து பை தேடினாள். நிமிர நேரமாயிற்று. மங்கை முந்தானையை நீட்டினாள். கன்னியப்பன் ஒரு துண்டைப் பச்சைமிளகாயோடு கடித்துவிட்டு, "சோப்பு நல்லாத்தான் கீது" என்றார்.

இன்னொரு பக்கம்

திங்கட்கிழமை மத்தியானம். சாப்பிட உட்கார்ந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் பதிவேடு திறந்து கிடந்தது, மேலே பேனா. தாரணி பழைய கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டு, பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தாள். மங்கை அதில் புதிய பக்கம் ஒன்றுக்குக் கோணல்மாணலாகக் கோடு போட்டு, பாதியை நிரப்பியும் வைத்திருந்தாள்.

'பொருள்: கேக். செய்தது: நம்ம பொண்ணு. நாள்: பத்தாவது லீவு.' மற்ற கட்டங்கள் காலி.

"குழம்பு ஆறுது" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

உண்மை என்னவென்றால், அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு அந்தத் தட்டில் மிச்சமிருந்ததை நான் ஒருவனே வழித்துச் சாப்பிட்டேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. பேனாவை எடுத்தேன்.

'குறை: நடுவில் வேகவில்லை. முடிவு: பாஸ். குறிப்பு: மிகவும் பிடித்திருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.' கையெழுத்துப் போட்டேன்.

மங்கை அதைச் செல்போனில் படம் எடுத்துப் புனேவுக்கு அனுப்பினாள். நான் சோற்றில் கை வைத்தபடி காத்திருந்தேன். பதில் வர அதிக நேரம் ஆகவில்லை. மங்கை படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே போனை என் பக்கம் திருப்பினாள்.

'அப்பா, அது கேக் இல்ல. புட்டிங். அது அப்படித்தான் இருக்கும்.'

பதிவேட்டை மறுபடி பக்கத்தில் இழுத்தேன். விதிப்படி, 'கேக்' என்பதை ஒரே கோட்டால் அடித்து, மேலே 'புட்டிங்' என்று எழுதினேன். 'நடுவில் வேகவில்லை' என்பதையும் ஒரே கோட்டால் அடித்து, மேலே 'இல்லை' என்று எழுதினேன். இரண்டுக்கும் பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டேன்.